சென்னைச் செக்கப்புக்கு ஒரு வாழ்த்து

பாராட்ட வேண்டியதைப் பாராட்டாமல் விடுவது நன்றிகெட்ட செயல். யாழ்ப்பாணத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் நம்மவர்கள் சென்னைக்குப் போய்ச் செய்துகொண்டு வருகிறார்களே, அந்த முழு உடற்பரிசோதனையை முறையாக வாழ்த்தியே ஆக வேண்டும்.

வருத்தக்காரரைக் கடல் கடந்து வரவைப்பது பெரிய காரியமல்ல. புற்றுநோய்க்கும் இருதய சத்திரசிகிச்சைக்கும் காணியை ஈடு வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு வேறு வழியில்லை. அவர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. ஒரு வருத்தமும் இல்லாமல், விடிய எழும்பித் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கிற மனிதரைப் பிடித்து, பாஸ்போர்ட்டும் விசாவும் எடுப்பித்து, பலாலியில் விமானம் ஏற்றி, அக்கரையில் வைத்து ‘உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்று சொல்லி அனுப்புவதற்குத்தான் தனித் திறமை வேண்டும். 2022 டிசம்பரில் பலாலி–சென்னை விமானம் மீண்டும் பறக்கத் தொடங்கியது. 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலும் வந்தது. வழி திறந்தவுடன் சுகமாக இருப்பவர்களையும் மறவாமல் நினைத்துக்கொண்டது செக்கப்.

அதன் தாராள மனத்தை என்னவென்று சொல்வது! விளம்பரத்தில் போட்டிருக்கும் பக்கேஜ் விலை தனக்கு மட்டுமே போதும் என்று அது நினைப்பதில்லை. விமானக் கொம்பனி, லொட்ஜ்காரர், ஓட்டோக்காரர், தி.நகர் துணிக்கடை என்று எல்லோரையும் வாழ வைக்கிறது. செக்கப் ஒருவருக்குத்தான்; ஆனால் தனியே போக முடியாதென்பதால் துணைக்கு ஒருவருக்கும் டிக்கெட். ஒரு இந்திய ரூபாவுக்கு மூன்றுக்கும் மேற்பட்ட இலங்கை ரூபா கொடுக்க வேண்டியிருப்பதால், அங்கே மலிவாகத் தெரியும் ஒவ்வொரு தொகையும் இங்கே வந்து சேர்கையில் மும்மடங்காகக் கொழுத்துவிடுகிறது. அத்தனை நாளும் கடை பூட்டிக் கிடக்கும், கூலி நாள் போய்விடும். இதையெல்லாம் பெரும்பாலும் கனடாவிலோ லண்டனிலோ இரவு வேலை செய்யும் ஒரு பிள்ளை தாங்குகிறது. பிள்ளைக்குப் பெற்றோர்மேல் உள்ள பாசத்தை அளந்து காட்டும் கருவி இல்லை என்ற குறையை இந்தச் செக்கப் தீர்த்து வைத்திருக்கிறது: ஆயிரக்கணக்கில் அனுப்பினால் சாதாரண பக்கேஜ், இலட்சத்தைத் தொட்டால் உயர்ந்த பக்கேஜ்.

அந்த ஒரு நாளின் ஒழுங்கைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். கிரீம்ஸ் சாலைப் பக்கத்து லொட்ஜில் முதல்நாள் இரவே சாப்பாட்டை வேளைக்கு முடித்துக்கொண்டு படுக்க வேண்டும். விடிய வெறும் வயிற்றோடு போனால், ஊதா மூடி, சிவப்பு மூடி, சாம்பல் மூடி போட்ட சின்னக் குழாய்களில் வரிசையாக இரத்தம் எடுப்பார்கள். பிறகு காலைச் சாப்பாட்டுக்கு ஒரு கூப்பன். இட்டலி சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் போனபின் மறுபடி இரத்தம். வயிற்று ஸ்கானுக்காகப் போத்தல் போத்தலாகத் தண்ணீர் குடித்துவிட்டு, சிறுநீரை அடக்கிக்கொண்டு, பெயர் கூப்பிடும்வரை கதிரை நுனியில் இருக்க வேண்டும். ட்ரெட்மில்லில் ஓட வேண்டும். கடைசியில், மொத்தக் கோப்பைப் புரட்டிப் பார்த்து வைத்தியர் சில நிமிடத்தில் சொல்லி முடிப்பார்: ‘உப்பைக் குறைங்க, நடங்க, எடையைக் குறைங்க.’ அருமையான ஆலோசனை. உலகத்தின் எந்தப் பெரிய வைத்தியரும் இதற்கு மேல் சொல்ல முடியாது. ஊர்க் கிளினிக்கில் தாதி இதே வார்த்தைகளைக் காசு வாங்காமல் சொன்னபோது ஏறாத காதில், இவ்வளவு செலவழித்த பிறகாவது ஏறும் என்று நம்புகிற பொறுமையும் பாராட்டுக்குரியதே.

செக்கப்பின் கூர்மை இன்னொரு பெருமை. ஆய்வுகூட அறிக்கையில் ‘இயல்பு’ என்று போடும் எல்லை, பொதுவாகச் சுகமான நூறு பேரில் தொண்ணூற்றைந்து பேரை உள்ளடக்கும்படி வகுக்கப்பட்டது. மிச்சம் ஐந்து பேரும் சுகமானவர்கள்தான். ஆனாலும் அவர்கள் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி விழும். ஒன்றையொன்று சாராத இருபது சோதனைகளைச் சேர்த்துச் செய்தால், சுகமான நூறு பேரில் அறுபத்து நான்கு பேருக்கு ஏதாவது ஒரு இடத்தில் அந்தக் குறி விழும். நாற்பது சோதனை என்றால் எண்பத்தேழு பேருக்கு. பெரிய பக்கேஜ் எடுத்தவர் வெறுங்கையோடு திரும்ப மாட்டார் என்பதற்குக் கணிதமே உத்தரவாதம். ஸ்கானிலும் அப்படியே: தைரொயிட்டில் ஒரு சின்னக் கட்டி, சிறுநீரகத்தில் ஒரு நீர்க்கொப்புளம். ‘ஆறு மாதத்தில் மறுபடி பார்க்கவும்’ என்று எழுதித் தருவார்கள். இரண்டாவது டிக்கெட்டும் அந்த இரவிலிருந்து தொடங்கும் நித்திரையின்மையும் பக்கேஜ் விலையில் சேராத உபரி. மார்பு, வயிறு, இடுப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து சீ.ரி. ஸ்கான் எடுத்தவருக்கோ, ஒரு மார்பு எக்ஸ்ரேயைப்போல நூறு மடங்குக்கு மேற்பட்ட கதிர்வீச்சும் உடம்போடு வீட்டுக்கு வரும்.

இந்தக் கூர்மையின் உச்சத்தைத் தென்கொரியா கண்டது. 1999இல் அங்கே அரசு புற்றுநோய்ச் சோதனைத் திட்டத்தைத் தொடங்கியபோது, சிறு தொகைக்குத் தைரொயிட் ஸ்கானையும் ஆஸ்பத்திரிகள் சேர்த்துக் கொடுத்தன. 2011இல் தைரொயிட் புற்றுநோய் என்று கண்டவர்களின் வீதம் 1993இல் இருந்ததைப்போல பதினைந்து மடங்கு. அந்த நோயால் இறந்தவர்களின் தொகை மாறவேயில்லை. கண்டுபிடிக்கப்பட்டவர்களில் அநேகமாக எல்லோருக்கும் கழுத்தில் கத்தி விழுந்தது. பெரும்பாலானோர் சாகும்வரை ஹோர்மோன் மாத்திரை விழுங்குகிறார்கள். பொதுவான செக்கப்புகளைப் பற்றி 2019இல் வெளிவந்த கொக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, இரண்டரை இலட்சம் பேருக்கு மேல் பங்குபற்றிய ஆய்வுகளை அலசியது. செக்கப் செய்தவர்களிடையே சாவு குறையவில்லை. புற்றுநோய்ச் சாவும் குறையவில்லை. எவருடைய ஆயுளிலும் கைவைக்காமல் எல்லோருடைய பணப்பையிலும் கைவைக்கும் இந்த நாகரிகம் வேறெதற்கு உண்டு?

அதன் தன்னடக்கத்தையும் சொல்ல வேண்டும். ஊர்க் கிளினிக்கோடு அது ஒருநாளும் போட்டிக்கு நிற்பதில்லை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளிலும் அரச வைத்தியசாலைகளிலும் 2011 முதல் நடக்கும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில், 35 வயது தாண்டிய எவருக்கும் பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல், நிறை எல்லாம் ஒரு சதமும் வாங்காமல் பார்க்கிறார்கள். வெற்றிலை போடுகிறவரின் வாயைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்க்கிறார்கள். இலங்கை ஆண்களிடம் மிக அதிகமாகக் காணும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய்தான். 35 வயதுப் பெண்களுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ச் சோதனைக்கென்று 1996 முதல் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. பிரஷரும் சீனியும் ஒருநாள் பார்த்துவிட்டு விடுகிற விசயமல்ல. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து, மருந்தைக் கூட்டிக் குறைத்து, ‘ஏன் போன முறை வரவில்லை?’ என்று ஏசுவதற்கு ஒருவர் வேண்டும். அந்தச் சிரமமான வேலையைச் செக்கப் ஊருக்கே விட்டுக்கொடுத்துவிடுகிறது. விமான நிலைய வாசலோடு அதன் பொறுப்பு முடிகிறது. அங்கே எழுதித் தந்த மாத்திரை அந்தப் பெயரில் இங்கே கிடைக்காவிட்டால் அதைக் கேட்டு அது தொந்தரவு செய்யாது. நீங்கள் இருக்கிறீர்களா என்றும் கேட்காது.

இவ்வளவு பெருமையும் அதற்கே இருக்கட்டும். கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகளிடம் ஒன்றைக் கேட்கிறேன். அந்த டிக்கெட் காசில் ஒரு சிறு துண்டு போதும், வீட்டுக்கு நல்ல பிரஷர் மெஷின் ஒன்று வாங்கிக் கொடுக்க. மிச்சத்தை, உண்மையாக வருத்தம் வரும் நாளுக்கென்று வைத்திருங்கள். அன்று அது உயிர் காக்கும். பிறகு போன் எடுக்கும்போதெல்லாம், ‘அப்பா, இந்த மாசம் கிளினிக்குக்குப் போனீங்களோ? பிரஷர் எவ்வளவாம்?’ என்று கேளுங்கள். கிளினிக்குக்கு ஆண்கள்தான் குறைவாக வருகிறார்கள். ‘எனக்கென்ன வருத்தம்’ என்று அப்பா மறுத்தால் விடாதீர்கள். வருத்தம் இல்லாதபோதே பார்க்க வேண்டியவை பிரஷரும் சீனியும். அவற்றை மாதக்கணக்காக, வருடக்கணக்காக விடாமல் பார்ப்பதுதான் ஒரு மனிதரைப் பக்கவாதத்திலிருந்தும் சிறுநீரகச் செயலிழப்பிலிருந்தும் காப்பாற்றும்.