ஆண் பூ இருக்கா அண்ணாச்சி?

மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒருபால் பூ, இருபால் பூ, மகரந்தச் சேர்க்கை என்று கரும்பலகையில் படம் போட்டே தலை நரைத்தது. ஒருபால் பூவுக்கு நான் எப்போதும் சொல்லும் எடுத்துக்காட்டு வெள்ளரி. பரீட்சையில் அதை எழுதத் தெரியாமல் முழித்த பையன்களை என்னென்ன சொல்லித் திட்டியிருக்கிறேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அவர்களில் ஒருவன் இப்போது ஆலங்குளத்தில் உரக்கடை வைத்திருக்கிறான். அவனிடம்தான் ஹைபிரிட் வெள்ளரி விதை வாங்கினேன்.

காரணம் ஆசைதான். எங்கள் பக்கத்துக் காய்கறி ஆலங்குளம், பாவூர்சத்திரம் மார்க்கெட்டுகளில் ஏலம் போய், செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகக் கேரளாவுக்கு லாரி ஏறும். ஓணம் வந்தால் விலை ஏறும். அப்பா விட்டுப்போன கொஞ்சம் செவ்வல் மண்ணும் ஒரு கிணறும் எனக்கு உண்டு. ஆனிக் கடைசியில் விதைத்தால் ஆவணியில் பறிக்கலாம். விதை போட்டு 40, 45 நாளில் முதல் பறிப்பு என்பது ஹைபிரிட் வெள்ளரியின் கணக்கு. கேரளத்துக்காரர்கள் ஓணத்துக்குச் சாலட் சாப்பிடுவார்களா என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை.

ஹைபிரிட் விதையைச் சும்மா வீசி விதைக்க முடியாது. விலை அப்படி, எண்ணித்தான் ஊன்ற வேண்டும். திண்ணையில் பேப்பர் விரித்து, கண்ணாடி போட்டுக்கொண்டு எண்ணினேன். எல்லா விதையும் பச்சைச் சாயம் பூசிய மருந்து விதை. நடுவே கொஞ்சம் மட்டும் ரோஸ் நிறத்தில் கிடந்தன. பார்த்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. காசு வாங்கிக்கொண்டு கலப்படம் செய்திருக்கிறான் கம்பெனிக்காரன்! ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தனியே எடுத்தேன்.

“நல்லாத்தான இருக்கு, அத எதுக்குத் தள்ளி வைக்கிய?” என்றாள் மனைவி.

“உனக்குத் தெரியாது. இது வேற ரகம்.”

அந்த மட்டில் நான் சொன்னது சரி. வேறு ரகம்தான். வேண்டுமென்றே சேர்த்த வேறு ரகம். பாக்கெட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அது எழுதியும் இருந்தது. கேள்வியை முழுசாக வாசித்துவிட்டுப் பதில் எழுது என்று முப்பது வருஷம் கத்தியவன் அதை வாசிக்கவில்லை. ரோஸ் விதைகளைச் சாட்சிப்பொருளாக ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு மூடினேன். கம்பெனிக்கு ஒரு புகார்க் கடிதமும் எழுதினேன். தபால்தலை வாங்கச் சோம்பல்பட்டதால் என் மானம் ஓரளவு தப்பியது.

விஷயம் இதுதான். நாட்டு வெள்ளரிக் கொடியில் முதலில் ஆண் பூவாகத்தான் வரும். கொத்துக் கொத்தாக வந்து உதிரும். அதற்குப் பிறகு ஒன்றொன்றாகப் பெண் பூ. பூவுக்குக் கீழே சுண்டுவிரல் நகம் அளவு பிஞ்சு இருந்தால் அது பெண். அறுபதுகளில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பீட்டர்சன் என்ற விஞ்ஞானி, கொரியாவிலிருந்து வந்த ஒரு ரகத்தை வைத்துப் பெண் பூ மட்டுமே பூக்கும் வம்சத்தை உண்டாக்கினார். காய் ஒரே சமயத்தில், நிறைய வரும். நம் நாட்டிலும் குலு பள்ளத்தாக்கின் கத்ராயின் ஆராய்ச்சி நிலையத்தில், ஜப்பானியப் பெண்பூ வம்சம் ஒன்றைத் தாயாக வைத்துப் ‘பூசா சன்யோக்’ என்ற ஹைபிரிட்டை உருவாக்கினார்கள். எல்லாம் பெண்ணானால் மகரந்தத்துக்கு எங்கே போவது? அதற்காக நூற்றுக்குப் பத்துப் பதினைந்து என்று ஆண் பூ பூக்கும் ரகத்தின் விதையை வேறு சாயம் பூசிக் கலந்து வைப்பது வழக்கம். என் மாத்திரை டப்பாவில் அடைபட்டுக் கிடந்தவர்கள் மாப்பிள்ளைகள்.

இது தெரியாமல் நான் பாத்தி கட்டி, சொட்டுநீர்க் குழாய் இழுத்து, கம்பு நட்டு, கயிறு கட்டி, ராஜா மாதிரி நின்றேன். குற்றாலத்தில் சாரல். 30 கிலோமீட்டர் தள்ளி எங்களுக்குக் காற்று மட்டும். மலைக்கணவாய் வழியாக வருகிற அந்தக் காற்றை நம்பித்தான் ஊரைச் சுற்றிக் காத்தாடி நட்டு மின்சாரம் எடுக்கிறார்கள். 2019 நவம்பரில் எங்களைத் திருநெல்வேலியிலிருந்து பிரித்துத் தென்காசி மாவட்டம் ஆக்கினார்கள். சாரலில் ஒரு பங்கும் சேர்த்துக் கேட்டிருக்கலாம் என்று இப்போதும் எனக்குத் தோன்றும். ஆடிக் காற்றில் கம்பு சாய்ந்ததும், திரும்ப நட்டதும், திரும்பச் சாய்ந்ததும் தனிக்கதை. அதை விடுங்கள்.

கொடி பூத்தது. கணுவுக்குக் கணு பெண் பூ. ஆண் பூ ஒன்றுகூட இல்லை. நான் அதைக் குறையாகவே பார்க்கவில்லை. என் வளர்ப்பின் சிறப்பு என்று நினைத்தேன். படம் பிடித்துப் பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, ‘உழைப்பின் பலன்’ என்று கீழே எழுதினேன். வாழ்த்துகள் வரிசையாக வந்தன. உரக்கடைக்காரன் மட்டும், “சார், ஆம்பளப் பூ எங்க?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தான். பழைய வன்மம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிஞ்சுகள் விரல் நீளம்கூட வரவில்லை. நுனி மஞ்சளித்து, சுருங்கி, காலையில் தொட்டால் கையோடு வந்தன. முதலில் தண்ணீர் போதவில்லை என்று மோட்டாரை ஓடவிட்டேன். அப்புறம் தண்ணீர் அதிகம் என்று நிறுத்தினேன். அப்புறம் காற்று. பாத்தியில் உட்கார்ந்து உதிர்ந்த பிஞ்சை நகத்தால் கீறிப் பார்த்த ஒரு காலையில்தான், நான் கரும்பலகையில் போட்ட படம் என் கண்முன் வந்து நின்றது.

பக்கத்து வயல் அண்ணாச்சியும் வெள்ளரிதான் போட்டிருந்தார். ஓணத்துக்கான சாம்பார் வெள்ளரி. அவர் வயல் முழுக்க மஞ்சள் பூ. வாத்தியாருக்குப் போன உயிர் வந்தது. மறுநாள் விடியற்காலையில், பூ விரிகிற நேரத்தில், வரப்பைத் தாண்டிப் போய் ஆண் பூவாகப் பறித்துத் துண்டில் முடிந்துகொண்டேன். இதழைக் கிள்ளி எறிந்துவிட்டு, நடுவில் இருக்கும் மகரந்தத் தண்டைப் பெண் பூவின் சூல்முடியில் தடவ வேண்டும். சூல்முடியில் மூன்று பிரிவு. மூன்றிலும் சமமாகப் படாவிட்டால் காய் ஒரு பக்கம் பருத்து, மறுபக்கம் வளைந்துவிடும். குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பூப்பூவாகத் தடவினேன்.

“என்ன பண்ணுதிய சார்வாள்? பூவுக்கு மை தீட்டுதியளா?” வரப்பில் அண்ணாச்சி நின்றார்.

“ஆண் பூ எடுத்தேன் அண்ணாச்சி, உங்க வயல்லேர்ந்து. கோவிச்சுக்கிடாதீங்க.”

“பூ தான, எடுத்துக்கிடுங்க. ஆனா ஒங்களுது வேற சாதியில்லா? எலயப் பாருங்க. ஒங்களுது மூலை மூலையா கூரா இருக்கு. எங்களுது வட்டம்.”

அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “எல்லாம் ஒரே குடும்பம்தான் அண்ணாச்சி” என்று சொல்லி, அதன் லத்தீன் பெயரையும் சொன்னேன். குடும்பம் ஒன்றுதான். பேரினமும் ஒன்றுதான். ஆனால் சாலட் வெள்ளரி ஓர் இனம். சாம்பார் வெள்ளரி முலாம்பழத்தின் இனம். என் கொடிக்குக் குரோமோசோம் 14. அவர் கொடிக்கு 24. ஆயுசுக்கும் தடவினாலும் சேராது. ஒரு வாரத்துக்கு மேல் அந்த வேலையைச் செய்தேன். பிஞ்சுகள் முன்னைப் போலவே உதிர்ந்தன. முதுகுவலி மட்டும் பிடித்துக்கொண்டது.

இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதில் எனக்குக் கூட்டாளிகள் உண்டு என்பது பின்னால் தெரிந்து ஆறுதலாக இருந்தது. ரோமாபுரிச் சக்கரவர்த்தி திபேரியுஸ் தினமும் வெள்ளரி கேட்பாராம். அதற்காகச் சக்கரம் வைத்த பாத்திகளில் வளர்த்து, வெயிலுக்குத் தள்ளிக்கொண்டு போவார்களாம். பிளினி எழுதி வைத்த கதை. ஜானிக், பாரிஸ் ஆகிய ஆய்வாளர்கள் பழைய படங்களையும் எழுத்துகளையும் ஒப்பிட்டு, அது வெள்ளரியே இல்லை, முலாம்பழ இனத்து நீளக் காய் என்று சொல்லிவிட்டார்கள். பல நூற்றாண்டாகப் படித்தவர்கள் எல்லாரும் மாற்றித்தான் நினைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு அண்ணாச்சி போல ஒரு பக்கத்து வயல்காரர் வாய்க்கவில்லை.

கடைசியில் உரக்கடைக்குப் போனேன். “கலர் விதையத் தனியா ஓரத்துல ஊனுனீங்களா, கலந்து ஊனுனீங்களா சார்?” என்று கேட்டான். மாத்திரை டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தேன். அவன் டப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவனைப் போல நான் ஒரு தடவையாவது சிரிப்பை அடக்கியிருந்தால் நல்ல வாத்தியார் ஆகியிருப்பேன்.

ரோஸ் விதைகளை அன்றே ஊன்றினேன். அவை முளைத்துக் கொடியோடிப் பூப்பதற்குள் ஓணம் முடிந்து, மார்க்கெட் விலை படுத்துவிட்டது. பிறகுதான் காய் பிடித்தது. அதிலும் பழ ஈ. பெண் ஈ தோலைக் குத்தி முட்டை வைத்துவிடும், குத்திய இடத்தில் பிசின் முத்துப்போல நிற்கும், உள்ளே புழு. இனக்கவர்ச்சிப் பொறி வாங்கிக் கட்டினேன். தினமும் ஈ விழுந்தது, நானும் எண்ணினேன், காயும் அழுகியது. நான் வாங்கியது மெத்தில் யூஜினால் பொறி. அதற்கு வருவது மாந்தோப்பு ஈ. வெள்ளரி ஈக்குக் கியூலூர் வைக்க வேண்டும். வடக்கே இருக்கிற மாந்தோப்புக்காரருக்கு அந்த வருஷம் நான் இலவசமாகச் சேவை செய்திருக்கிறேன். சாம்பல் நோய்க்குக் கந்தகத் தூள் தூவி இலையைக் கருக்கியதை ஒரு வரியோடு முடித்துக்கொள்கிறேன். வெள்ளரிக் குடும்பத்துக்குக் கந்தகத் தூளும் தாமிரத் தூளும் ஆகாது என்று வேளாண் பல்கலைக்கழகத்தின் சாகுபடிக் குறிப்பிலேயே இருக்கிறது. வாசிக்கிற பழக்கம்தான் எனக்கு இல்லையே.

மிஞ்சியதைச் சாக்கில் கட்டி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனேன். ஏலம் போடுகிறவர் சாக்கைக் கவிழ்த்தார். நேரான காய் ஒரு பக்கம், வளைந்தது ஒரு பக்கம். கை நிற்காமல் ஓடியது. வளைந்த குவியல்தான் உயர்ந்துகொண்டே போனது. “இத வீட்டுக்குக் கொண்டுபோயிருங்க சார், மாடு இருந்தா போடுங்க” என்றார். மாடு இல்லை. அதனால் நாங்கள் சாப்பிட்டோம்.

மனைவி காம்புப் பக்கம் ஒரு துண்டு வெட்டி, வெட்டிய வாயிலேயே வைத்து வட்டமாகத் தேய்த்தாள். வெள்ளை நுரை பொங்கி வழிந்தது. தேய்த்தால் கசப்பு போய்விடும் என்பது அவள் அம்மா சொல்லிக் கொடுத்தது. வெயிலும் தண்ணீர்க் குறைவும் சேர்ந்தால் கொடி கசப்பை ஏற்றும் என்பது நான் பாடம் நடத்தியது. மோட்டாரைப் போட்டும் நிறுத்தியும் விளையாடியவன் நான் என்பதால் அந்தப் பாடத்தை அன்று நடத்தவில்லை. நுரையைக் கழுவிவிட்டுச் சாப்பிட்டோம். கசந்தது.

இதோடு நின்றிருக்கலாம். விதைச் செலவை மிச்சம் பிடிக்கிறேன் என்று இரண்டு காயைக் கொடியிலேயே பழுக்கவிட்டு விதை எடுத்து, தையில் ஊன்றினேன். ஹைபிரிட்டின் அடுத்த தலைமுறை பிரிந்து போகும். மெண்டலின் பட்டாணிக் கணக்கை நானே போட்டுக் காட்டியிருக்கிறேன். ஒரு கொடியில் குண்டுக் காய், ஒன்றில் முள் காய், ஒன்றில் ஆண் பூவைத் தவிர வேறு எதுவும் இல்லை. தேவைப்பட்டபோது கிடைக்காத ஆண் பூ!

இந்த வருஷம் சொல்வதைக் கேட்பது என்று முடிவு. தேனீ வரட்டும் என்று, சுந்தரபாண்டியபுரத்துக்காரர்களைப் பார்த்து வேலியோரம் சூரியகாந்தி போட்டேன். அது ஒன்றுதான் இதுவரை ஒழுங்காக வந்தது. பூ தலை நிறைய, தேனீ பூ நிறைய. சந்தோஷமாக உரக்கடைக்குப் போனால், “புது ரகம் வந்திருக்கு சார். எல்லாம் பொம்பளப் பூ. ஆம்பளப் பூவே வேண்டாம், மகரந்தம் இல்லாமலே காய்க்கும்” என்று பாக்கெட்டை நீட்டினான். வாங்கி, கடை வாசலிலேயே நின்று பின்பக்கத்தை வாசித்தேன். வலைக்குடிலில் வளர்க்கவும், தேனீ நுழைந்து மகரந்தம் பட்டால் காய் விதை பிடித்து அடி பருத்துப்போகும்.

அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, “அப்ப அந்த ஈயெல்லாம் நம்ம பக்கம் பத்திவிடுங்க சார்வாள். ஓணத்துக்குச் சாம்பார் வெள்ளரி போட்டிருக்கேன்” என்றார்.