தறி போன இடத்தில் கட்டில்

சேலம் பக்கத்தில் எங்கள் இளம்பிள்ளையில் அந்தக் காலத்து வீடு தறிக்காகக் கட்டினது. மனிதர்கள் மிச்ச இடத்தில் இருந்துகொண்டார்கள். நடுக்கூடத்தில் குழித்தறி, மூலையில் ராட்டை, தலைக்கு மேலே ஜக்கார்டுப் பெட்டி, தறிச் சட்டத்தில் கட்டிய தூளியில் யாராவது ஒரு தம்பி அல்லது தங்கை. ராத்திரி தறி நின்ற பிறகு அதைச் சுற்றிப் பாய் விரியும். யார் எங்கே படுப்பது என்பதைத் தறியின் நீள அகலம் தீர்மானித்தது. எனக்கு வாய்த்தது குழி ஓரம். தூக்கத்தில் புரண்டால் கால் மிதிக்கட்டையில் போய் இடிக்கும். அதனால் புரளாமல் தூங்கப் பழகிவிட்டேன். இன்றைக்கு மெத்தைக் கடையில், "பக்கத்துல படுத்திருக்கறவங்க புரண்டாக்கூட உங்களுக்குத் தெரியாது சார்" என்று சொல்லி, அதற்கென்று தனியாக ஒரு தொகை கேட்கிறார்கள்.

வீட்டில் மெத்தையே இல்லை என்று சொல்ல முடியாது. ஒன்று இருந்தது. அம்மா கல்யாணத்துக்குச் சீரோடு வந்தது. நீலக் கோடு போட்ட துணிக்குள் இலவம் பஞ்சு. பழைய வேட்டியில் சுருட்டிக் கட்டிப் பரண்மேல் இருக்கும். சம்பந்தி வந்தால் இறங்கும். புது மாப்பிள்ளை வந்தால் இறங்கும். சேலை எடுக்க வந்த வெளியூர் வியாபாரி கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் இறங்கும். அவர்கள் கிளம்பியதும் வெயிலில் போட்டுத் தட்டி மறுபடி மேலே ஏற்றிவிடுவார்கள். அந்த மெத்தையில் அம்மா படுத்து நான் பார்த்ததில்லை. கோரைப் பாயில் கையை மடக்கித் தலைக்கு வைத்துத் தூங்கிய அம்மா, "எங்கப்பா குடுத்த மெத்தை" என்று அதைப் பற்றி ஊரெல்லாம் சொல்லும். மெத்தை மரியாதைக்கு, பாய் தூக்கத்துக்கு என்று கணக்குத் தெளிவாக இருந்தது.

தாத்தாவுக்கு மட்டும் வாசல் வேப்ப மரத்தடியில் கயிற்றுக் கட்டில். கஞ்சமலையைப் பார்த்துக் கால் நீட்டிக் கிடப்பார். கட்டில் தொய்ந்துவிட்டது என்றால் கால்மாட்டுக் கயிற்றை அவிழ்த்து, சட்டத்தில் ஒரு காலை உதைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றாக இழுத்து முடி போடுவார். இடுப்பு வலி இருக்கிற மாதத்தில் இறுக்கம், இல்லாத மாதத்தில் கொஞ்சம் தளர்வு. எல்லாம் அவர் கைக்குள் இருந்தது. இப்போது 'ஃபர்ம்', 'மீடியம் ஃபர்ம்', 'சாஃப்ட்' என்று மூன்றுக்கும் மூன்று விலை. வீட்டுக்கு வந்த பிறகு ஒன்றை இன்னொன்றாக மாற்ற எந்தக் காலை எதில் உதைத்தாலும் நடக்காது. கட்டில் பெருமையைச் சொன்னால் மூட்டைப்பூச்சியையும் சொல்லிவிடுவதுதான் நியாயம். சட்ட மூலைகளில் சீமெண்ணெய் ஊற்றி, வெயிலில் போட்டு, தூக்கித் தூக்கித் தரையில் தட்டினால் கொட்டும். கொட்டியது போக மீதி தாத்தாவோடு படுத்துக்கொள்ளும்.

மெத்தை செய்கிற நாள் தெருவுக்கே வேடிக்கை. பங்குனி, சித்திரை வெயிலில் இலவங்காய் வெடித்த பிறகு பஞ்சு மூட்டையோடு ஆள் வருவார். போடிநாயக்கனூர்ப் பஞ்சு என்றால் அதற்கு ஒரு மதிப்பு. ஆயா மூட்டையின் வாயைத் திறந்து முழங்கை வரைக்கும் உள்ளே விடும். மேலே இருக்கிற பஞ்சைத் தொடவே தொடாது. அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து, விரலால் பிரித்துப் பிரித்து, கறுப்பு விதை எத்தனை இருக்கிறது என்று பார்க்கும். "வெதைக்கெல்லாம் காசு குடுக்க முடியாது சாமி, பஞ்சுக்குக் கேளு" என்று சொல்லிவிட்டுத்தான் தராசைத் தூக்கச் சொல்லும். வந்த ஆள் கோணி ஊசியை மெத்தையின் இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் வாங்கி, பஞ்சு நகராமல் சாணுக்கு ஒரு முடிச்சாகப் போட்டுக்கொண்டு போவார். பஞ்சு இத்தனை கிலோ, துணி இத்தனை கஜம், தையல் கூலி இவ்வளவு. மெத்தையின் விலையில் இருந்தது இந்த மூன்றுதான். மூன்றும் கண்ணுக்கு முன்னால் நடந்தன. இரண்டு வருஷத்தில் பஞ்சு கட்டி தட்டும், நடுவில் குழி விழும், தூசியில் தும்மல் வரும். அப்போது அதே ஆள் அதே தெருவில் வந்து நிற்பார். அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துத் திட்டலாம். திட்டு வாங்கிக்கொண்டே பிரித்துப் போட்டுத் தைத்துக் கொடுப்பார்.

பிறகு விசைத்தறி வந்தது. சத்தம் தாங்காமல் தறிக்குத் தனி ஷெட் போட்டோம். வீட்டுக்குள் திடீரென்று இடம் காலியானது. குழியை மூடி டைல்ஸ் ஒட்டினோம். தறி வெளியே போன பிறகுதான் எங்கள் வீடுகளுக்குள் கட்டில் வந்தது. அதற்குப் பிறகுதான் இடுப்பு வலியும் வந்தது என்று என் மனைவி சொல்வாள். தறிக்குழியில் உட்கார்ந்தபோது வராத வலி, எங்கள் சேலைக் கடையில் திண்டு போட்டு உட்கார்ந்து சேலை விரித்துக் காட்டும்போது வந்தது.

டாக்டர், "கட்டாந்தரையில படுங்க, இல்லாட்டி ஆர்த்தோ மெத்தை வாங்குங்க" என்றார். கட்டாந்தரைக்கும் மெத்தைக்கும் நடுவில் இத்தனை ஆயிரம் ரூபாய் வித்தியாசம் இருக்கிறதே, இரண்டும் எப்படி ஒரே வைத்தியமாகும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் விடை வேறு இடத்தில் இருந்தது. 2003-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஸ்பெயின் நாட்டு ஆய்வு ஒன்று வந்தது. நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 313 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கெட்டி மெத்தையும் மறு பாதிக்கு நடுத்தர மெத்தையும் கொடுத்து 90 நாள் படுக்க வைத்தார்கள். யாருக்கு எது என்று அவர்களுக்கே சொல்லவில்லை. நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்குத்தான் வலி நன்றாகக் குறைந்தது. கெட்டியாக இருந்தால்தான் இடுப்புக்கு நல்லது என்கிற வைத்தியம் அங்கேயே தோற்றுப்போனது. செய்தி இன்னும் எங்கள் பக்கம் வந்து சேரவில்லை.

சேலத்தில் ஒரு பெரிய கடைக்குப் போனோம். ஒரு மாடி முழுக்க மெத்தை. விற்பனைப் பையன், "என்ன மாதிரி பாக்கறீங்க சார்? ஃபோமா, லேட்டக்ஸா, பாக்கெட் ஸ்பிரிங்கா, மெமரி ஃபோமா?" என்றான். எனக்குத் தெரிந்தது ஒரே பெயர்: கர்லான். எங்கள் தலைமுறைக்கு ரப்பர் பூசிய தேங்காய் நார் மெத்தை எல்லாமே கர்லான்தான், எந்தக் கம்பெனி செய்தாலும். 1960-களில் பெங்களூர்ப் பக்கமும் ஆலப்புழைப் பக்கமும் தொடங்கிய கம்பெனிகள் அந்த நாரை வீடு வீடாகக் கொண்டுவந்தன. பையன் உடனே கர்லானையும் ஸ்லீப்வெல்லையும் எதிரும் புதிருமாக நிறுத்தி, எது எதைவிட உசத்தி என்று விளக்க ஆரம்பித்தான். 2023-ல் ஸ்லீப்வெல்லின் முதலாளியான ஷீலா ஃபோம் கர்லானையும் வாங்கிவிட்ட செய்தி அவனுக்குத் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தாலும் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. நானும் வியாபாரிதான்.

"இது நாசா கண்டுபிடிச்சது சார்" என்று மெமரி ஃபோமைத் தட்டினான். அது உண்மைதான். 1966-ல் சார்லஸ் யோஸ்ட் என்பவர் நாசாவுக்காக விமான இருக்கை மெத்தைக்குச் செய்தது. அது உடம்புச் சூட்டில் இளகி உடம்பின் வடிவத்துக்கு வரும். சித்திரை மாதத்துச் சேலத்தில் உடம்பு படுப்பதற்கு முன்னாலேயே அது இளகிக் கிடக்குமே என்றேன். "அதுக்குத்தான் சார் மேல கூலிங் ஜெல்" என்றான். ஜெல்லுக்குத் தனி விலை.

அடுத்தது 'ஆர்த்தோ'. அமுக்கினால் கல் மாதிரி இருந்தது. உள்ளே என்ன என்று நோண்டி நோண்டிக் கேட்டதில் 'பாண்டட் ஃபோம்' என்றான். ஃபோம் வெட்டும்போது விழுகிற துண்டு துணுக்கைப் பொடியாக்கி, பசை போட்டு அழுத்தினால் அதுதான் பாண்டட் ஃபோம். தறிக்காரனுக்குக் கழிவைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். எங்கள் வீட்டில் நூல் கழிவைத் தலையணைக்குள் அடைப்போம். அதற்கு ஆர்த்தோ என்று பெயர் வைக்கத்தான் தோன்றவில்லை. 'டென்சிட்டி நாப்பது' என்று அவன் அழுத்திச் சொன்னதும் அப்படித்தான். டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்கிற கணக்கு. அதில் எத்தனை நாள் உழைக்கும் என்பது தெரியும், கெட்டி தெரியாது. கெட்டிக்கு வேறு அளவை. அந்த எண்ணைக் கேட்டால், "படுத்துப் பாருங்க சார்" என்கிறான்.

படுத்துப் பார்ப்பது என்று ஒன்று இருக்கிறதே. செருப்பைக் கழற்றிவிட்டு, பிளாஸ்டிக் உறை சரசரக்க நான் ஏறியதும் மனைவி பையனிடம், "ஏந்தம்பி, இதுல வடக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை. மேனேஜரைக் கேட்டு வந்து சொன்னான். நான் படுத்திருந்தது சரியாக வடக்கே தலை வைத்து. திருப்பிப் படுத்தேன். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வயிற்றின்மேல் கோத்துக்கொண்டேன். தலைமாட்டில் மனைவி, கால்மாட்டில் பையன், பக்கத்தில் அடுத்த கஸ்டமர் குடும்பம். "எந்திரிங்க, பந்தல்ல கெடத்துன மாதிரி இருக்குது, பாக்க நல்லால்ல" என்றாள். ராத்திரி முழுக்கப் படுக்க வேண்டிய பொருளைத் தேர்ந்தெடுக்கக் கிடைத்த அவகாசம் அவ்வளவுதான்.

அளவில் அடுத்த சிக்கல். எங்கள் கட்டில் ஆசாரி வீட்டில் உட்கார்ந்து செய்தது. அவர் அறையை அளந்து செய்தார், கம்பெனியைக் கேட்டுச் செய்யவில்லை. நீளம் 77 அங்குலம், அகலம் 57. கடையில் நீளம் 72, 75, 78. அகலம் 36, 48, 60, 72. ஒன்று உள்ளே ஆடும், இல்லையென்றால் உள்ளேயே போகாது. "கஸ்டம் சைஸ் போட்டுத் தர்றோம் சார், ஆனா ரிட்டர்ன் கிடையாது." வாரண்டி பத்து வருஷம் என்று அட்டையில் தங்க எழுத்தில் இருந்தது. பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தேன். ஒரு அங்குலத்துக்கு மேல் குழி விழுந்தால்தான் குறை. கறை பட்டிருந்தால் வாரண்டி போச்சு. சமமான பலகைமேல் போடாவிட்டாலும் போச்சு.

மகன் போனில், "எதுக்குப்பா அலையறீங்க? ஆன்லைன்ல போடுங்க, நூறு ராத்திரி படுத்துப் பாத்துட்டுப் புடிக்கலைன்னா திருப்பிக் குடுத்தறலாம்" என்றான். நான் சிரித்துவிட்டேன். எங்கள் கடையில் வாட்ஸப் ஆர்டருக்குப் போடுகிற நிபந்தனையை அவன்தான் டைப் அடித்துக் கொடுத்தான்: 'பார்சல் பிரிக்கும் வீடியோ கட்டாயம். நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச்.' ஊரில் பாதிக் கடைக்கு இதே நிபந்தனைதான். ஒரு சேலையை ஒரு தடவை தோளில் போட்டுப் பார்த்துத் திருப்பிக் கொடுக்க விடாத ஊர், மெத்தைக்காரனிடம் நூறு ராத்திரி கேட்கிறது. அதுவும் அமுக்கிச் சுருட்டிப் பெட்டிக்குள் வருகிற மெத்தை. பிரித்துவிட்டால் மறுபடி அந்தப் பெட்டிக்குள் அடைக்க மனுஷனால் ஆகாது.

கடையில் என்னைக் கடைசியாக எரிச்சல்படுத்தியது வேறு ஒன்று. ஒரே தடிமன், ஒரே துணி, ஒரே தையல் என்று எனக்குத் தோன்றிய இரண்டு மெத்தைக்கு இரண்டு பெயர், இரண்டு விலை. வித்தியாசம் கேட்டால், "இது பிரீமியம் ரேஞ்ச் சார்." பிரித்துக் காட்டச் சொல்ல முடியாது. ஆயா இருந்திருந்தால் முழங்கை வரைக்கும் உள்ளே விட்டிருக்கும். ஜிப் இருக்கிறது, ஆனால் திறந்தால் வாரண்டி போய்விடும். மனைவி என் காதருகே வந்து, "ஏனுங்க, நம்ம கடையில ஒரே தறிச் சேலைக்கு விஜயவாடாவுக்கு ஒரு பேரு, பெங்களூருக்கு ஒரு பேரு, யூடியூப்புக்கு ஒரு பேரு வைக்கறதில்லையா? அந்தத் தம்பிகிட்ட எதுக்கு இந்த வாங்கு வாங்கறீங்க?" என்றாள். அதற்குப் பிறகு பேரம் பேசுகிற தெம்பு எனக்குப் போய்விட்டது. உள்ளே பார்க்க முடியாத பொருளில் வாங்குகிறவனுக்குக் கிடைப்பது பெயர் மட்டும்தான். அந்தத் தொழிலில் எங்கள் ஊருக்கு அனுபவம் அதிகம்.

நார் மெத்தையின்மேல் இரண்டு அங்குல லேட்டக்ஸ், நடுத்தரக் கெட்டி, கஸ்டம் சைஸ் என்று ஒன்றைச் சொல்லிவிட்டு வந்தோம். வந்தது. வலி குறைந்திருக்கிறது. காரணம் லேட்டக்ஸா, கொடுத்த விலையா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மகளும் மாப்பிள்ளையும் வந்தால் அந்த அறை அவர்களுக்கு. நாங்கள் கூடத்தில் டைல்ஸ்மேல் பாய் விரித்துக்கொள்கிறோம்.

மெத்தை வந்த வாரமே ஷெட்டிலிருந்து புது லாட் சேலை இறங்கியது. போன மாதம் போனதே, அதே பாவு, அதே ஊடை, பார்டர் மட்டும் வேறு நிறம். பெயர் வைக்க வேண்டியிருந்தது. மெத்தைக் கடையில் பையன் சொன்னதில் ஒன்று ஞாபகம் வந்தது: 'க்ளவுட் கம்ஃபர்ட்'. லேபிள் அடித்து ஒட்டினோம். சேலைக்கு முப்பது ரூபாய் சேர்த்துப் போட்டோம். நன்றாகப் போகிறது.