தனிப்பந்தி

1876 ஜூனில், அமெரிக்காவுக்கு நூறு வயது நிறைந்த குஷியில், நியூயார்க்கில் ஒரு பாய்மரப் பந்தயம் நடந்தது. நத்தேனியல் ஹெரஷாஃப் என்ற 28 வயதுக்காரர் இரண்டு ஒல்லி உடல்களைச் சேர்த்துக் கட்டிய ‘அமரில்லிஸ்’ என்ற கேட்டமரானோடு வந்து நின்றார். காற்று எழுந்ததும் அது கனவான்களின் படகுகளை ஒவ்வொன்றாக ஓரங்கட்டிவிட்டுப் பறந்தது. தோற்றவர்களுக்கு உடனே ஞானம் பிறந்தது: இது படகே இல்லையே! தகுதி நீக்கம். வேண்டுமானால் தனிப்பந்தியில் உட்காரட்டும் என்று தீர்ப்பாயிற்று.

ஹெரஷாஃப் மறுவருடமே அதற்குக் காப்புரிமை வாங்கினார். கப்பல் கனவான்களோ பின்னாளில் பாய்மரப் பந்தயத்தின் அமெரிக்காஸ் கோப்பையைக் காப்பாற்றிக்கொள்ள அவர் வாசலிலேயே போய் நின்றார்கள். 1893 முதல் 1920 வரை ஆறு முறை அவர் வடிவமைத்த படகுகள்தான் கோப்பையைக் காத்தன. எல்லாம் ஒற்றை உடல். பந்தி நாகரிகம் தெரிந்த மனிதர்.

அப்புறம் கலிஃபோர்னியாவில் அலைச்சறுக்குப் பலகை செய்துகொண்டிருந்த ஹோபி ஆல்ட்டர் வந்தார். 1968இல் ஹோபி 14 என்ற இரட்டை உடல் படகு, அதன் பின்னாலேயே ஹோபி 16. கிளப்பும் வேண்டாம், கனவானும் வேண்டாம். மணலில் இருந்து தள்ளிவிட்டால் போதும். கடற்கரை திமிலோகப்பட்டது. ஹோபி 16 மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் விற்றது.

சும்மா இருந்தார்களா? ஹோபி 17, 18, 20, 21 என்று டவுன் பஸ் நம்பர் மாதிரி போய்க்கொண்டே இருந்தது. போட்டிக்கு பிரின்டில், நாக்ரா, டார்ட். ஒவ்வொன்றுக்கும் ஒரு வகுப்பு, ஒரு சங்கம், ஒரு தலைவர், அந்தத் தலைவரைப் பிடிக்காத ஒரு செயலாளர். எவனோ தனிப்பந்தி போட்டான் என்று புலம்பியவர்கள், தங்களுக்குள்ளேயே ஆளுக்கொரு பந்தி விரித்துக்கொண்டார்கள்.

மோகம் தணிந்து கூட்டம் வடிந்தபின் அகப்பட்டவர் பந்தய அமைப்பாளர். இந்த வகுப்பில் மூன்று படகு, அந்த வகுப்பில் இரண்டு, இன்னொன்றில் ஒரே ஒரு பிடிவாதக்காரர். அவருக்கும் தனிக் கொடி, தனிக் கோப்பை. எல்லாரையும் ஒன்றாக ஓட்டிப் பார்க்கலாம் என்றால் படகின் வேகத்துக்கேற்ப நேரத்தைக் கூட்டிக் கழிக்கும் கணக்கு வரும்: முதலில் கரை தொட்டவர் பீர் குடித்து முடிப்பதற்குள், கால்குலேட்டர் கடைசி ஆளை ஜெயிக்க வைத்துவிடும். தொண்ணூறுகளில் ‘ஃபார்முலா 18’ வந்தது. நீளம் 5.52 மீட்டருக்குள், எடை 180 கிலோவுக்குக் குறையாமல். எந்தக் கம்பெனியும் செய்யலாம், எல்லாரும் ஒரே கோட்டில் நிற்கலாம். உருப்படியான யோசனைதான். ஆனால் 180 கிலோவை மணலில் இழுக்க முடியாதவர்கள் ‘ஃபார்முலா 16’ என்று இன்னொரு இலை போட்டார்கள்.

இதற்கிடையில் ராட்னி மார்ச் வடிவமைத்த டோர்னடோ என்ற கேட்டமரான், அமரில்லிஸ் வெளியேறிச் சரியாக 100 ஆண்டு கழித்து, 1976இல் ஒலிம்பிக்குக்குள் நுழைந்திருந்தது. மற்ற ஒலிம்பிக் படகுகளைவிட வேகம். அந்தக் குற்றத்துக்குத்தானோ என்னவோ, 2007 நவம்பரில் சர்வதேசப் பாய்மரக் கூட்டமைப்பு போர்ச்சுகலில் கூடி, 2012 லண்டன் ஒலிம்பிக்குக்கு இரட்டை உடலே வேண்டாம் என்று வாக்களித்தது. 2008 ஒலிம்பிக்கின் சிங்தாவோ பந்தயத்தோடு டோர்னடோ மூட்டை கட்டியது.

2016 ரியோவில் மனம் மாறி, இரட்டை உடலுக்கு மறுபடி இலை போட்டார்கள். ஆனால் இப்போது படகு நாக்ரா 17. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து ஓட்ட வேண்டும். எட்டு வருடம் பசியோடு காத்திருந்த டோர்னடோக்காரர்களுக்குச் சொல்லப்பட்ட சேதி இவ்வளவுதான்: உட்காருங்கள், சாப்பிடலாம், முதலில் வேறு படகு வாங்கி வாருங்கள், கூடவே ஒரு ஜோடியும்.