வேர்ட்ஸ்வொர்த் எந்த வருஷம் பிறந்தார்?

தெரியாதா? பரவாயில்லை, ரேஷன் கார்டை யாரும் பிடுங்கிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் 1890களின் தொடக்கத்தில் டோக்கியோவில், இம்பீரியல் யுனிவர்சிட்டியின் ஆங்கில இலக்கியத் துறையில் நீங்கள் மாணவராக இருந்திருந்தால் தெரிந்தே ஆகவேண்டும். பரீட்சையில் கேட்பார்கள். எந்த வருஷம் செத்தார் என்றும் கேட்பார்கள். ஷேக்ஸ்பியருக்கு எத்தனை ஃபோலியோ? வால்டர் ஸ்காட்டின் புத்தகங்களை வெளியான வரிசைப்படி எழுதுக. கோனார் நோட்ஸ் ஒன்றுதான் பாக்கி.

கேள்வி கேட்டவர் ஜேம்ஸ் மெயின் டிக்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். பதில் எழுதியவர் நட்சுமே கின்னோசுகே. பின்னாளில் சோசெகி என்ற பெயரில் ஜப்பானின் மிகப் பெரிய நாவலாசிரியர் ஆனவர். ஆயிரம் யென் நோட்டில் முகம் அச்சானவர். அந்த முகம் அன்றைக்கு வகுப்பில் திட்டு வாங்கிக்கொண்டிருந்தது. ஏன்? 'தி' போட மறந்துவிட்டதாம்.

இதில் நம் அனுதாபம் முழுக்க மாணவர் பக்கம்தான். ஜப்பானிய மொழியில் 'ஏ'யும் கிடையாது, 'தி'யும் கிடையாது. தமிழிலும் 'தி' கிடையாது, அந்த வலி நமக்குத் தெரியும். வாத்தியார் கவிதையை உரக்க வாசிக்கச் சொல்வார், உச்சரிப்புக்கு ஒரு குட்டு வைப்பார், கட்டுரை எழுதச் சொல்வார், இலக்கணத்துக்கு இன்னொரு குட்டு. மூன்று வருஷம் இப்படிப் போனது. இலக்கியம் என்றால் என்னவென்று கடைசிவரை புரியவே இல்லை என்று 1914இல் ஒரு மேடையில் சோசெகியே புலம்பினார். புலம்பியது, அதே துறையில் நான்கு வருஷம் பாடமும் நடத்தி முடித்த பிறகு!

கொஞ்சம் பின்னால் போவோம். இந்த இங்கிலீஷ் பைத்தியம் ஜப்பானுக்கு எப்படிப் பிடித்தது? 1872இல் வாஷிங்டனில் மோரி அரினோரி என்று ஒரு இளம் தூதர் இருந்தார். பேசாமல் ஜப்பானே இங்கிலீஷுக்கு மாறிவிட்டால் என்ன என்று அவருக்கு ஒரு யோசனை. அமெரிக்க மொழியியலாளர் விட்னிக்குக் கடிதம் போட்டார். அதிலும் ஒரு கண்டிஷன்: இங்கிலீஷ் இப்போது இருக்கிற மாதிரி சரிப்படாது, கொஞ்சம் ரிப்பேர் பண்ணித்தான் எடுத்துக்கொள்வோம். 'ஸீ'க்கு இறந்தகாலம் எதற்கு 'ஸா'? 'ஸீட்' என்றே வைத்துக்கொள்ளலாமே. 'ஸ்போக்' எதற்கு? 'ஸ்பீக்ட்' போதும்! விட்னி மிரண்டுபோய், தயவுசெய்து வேண்டாம் என்ற பொருளில் பதில் எழுதினார். உலக வரலாற்றில் மாப்பிள்ளைக்கே டிங்கரிங் செய்யச் சொன்ன பெண்வீட்டார் இவர் ஒருவர்தான். இதே மோரிதான் பிற்பாடு ஜப்பானின் முதல் கல்வி அமைச்சரானார்.

நம் ஹீரோவுக்கு வருவோம். 1893இல் பட்டம் வாங்கி, ஊர் ஊராக இங்கிலீஷ் வாத்தியார் வேலை பார்த்தார். 1900இல் அரசாங்கம் கூப்பிட்டு, 'இரண்டு வருஷம் லண்டன் போய்ப் படித்துவிட்டு வா' என்றது. ஆன்சைட் சான்ஸ்! துள்ளிக் குதித்திருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? மனுஷர் உத்தரவை இரண்டு தரம் படித்துவிட்டு அமைச்சகத்துக்கே கிளம்பிவிட்டார். அதில் 'ஆங்கில மொழி' என்று போட்டிருக்கிறதே, இலக்கியம் படிக்கக்கூடாதா என்று விளக்கம் கேட்க!

உதவித்தொகை வருஷத்துக்கு 1800 யென். டோக்கியோவில் அது பெரிய தொகை. லண்டனில் அது அறை வாடகையில் பாதி, புத்தகக் கடையில் மீதி என்று கரைந்தது. யுனிவர்சிட்டி காலேஜில் கொஞ்ச நாள் வகுப்புக்குப் போய்ப் பார்த்தார், பிடிக்கவில்லை, நின்றுவிட்டார். அதற்குப் பதிலாக டியூஷன். வாத்தியார் வில்லியம் கிரெய்க், ஷேக்ஸ்பியரில் கரைகண்ட அறிஞர். பேச்சு எந்தத் தெருவில் தொடங்கி எந்தச் சந்தில் முடியும் என்று அவருக்கே தெரியாது. ஆனால் ஃபீஸ் விஷயத்தில் மட்டும் ஞாபகசக்தி அபாரம். ஒருநாள் சோசெகி தன் கட்டுரையைத் திருத்தித் தரச் சொன்னபோது அதற்குத் தனி சார்ஜ் கேட்டார். கேவலமான ஆள் என்று டைரியில் எழுதிவைத்தார் சிஷ்யர். அடுத்த வாரமும் டியூஷனுக்குப் போனார்.

அந்த டைரியில்தான் இன்னொரு காட்சி வருகிறது. லண்டன் தெருவில் நடந்துபோகிறார். எதிரே குள்ளமாக, விநோதமான நிறத்தில், பார்க்கச் சகிக்காத ஒருவன் வருகிறான். யாரடா இது என்று நெருங்கினால், எதிரே இருப்பது கண்ணாடி. சுற்றிலும் ஆறடி வெள்ளைக்காரர்கள், நடுவில் அம்மைத் தழும்போடு ஒரு ஐந்தே கால் அடி உருவம். ஓநாய்க் கூட்டத்தில் மாட்டிய நோஞ்சான் நாய் மாதிரி இருந்தேன் என்ற கருத்தில் பின்னால் எழுதினார். இங்கிலீஷ் கற்றுக்கொள்ளப் போன இடத்தில் இங்கிலீஷ்காரர்களுடன் பேசுவதையே கிட்டத்தட்ட நிறுத்திவிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு புத்தகங்களோடு உட்கார்ந்தார்.

நட்சுமேவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்ற செய்தி டோக்கியோவுக்கே எட்டியது. அமைச்சகம் பதறியது. ஆனால் லண்டனில் அறை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரம்மா பதறவில்லை. பிள்ளைக்குக் காற்றோட்டம் வேண்டும், சைக்கிள் விடட்டும் என்றார். முப்பத்தைந்து வயது இலக்கிய ஆராய்ச்சியாளர் க்ளாப்ஹம் பக்கம் சைக்கிளோடு மல்லுக்கட்டினார். பெரிய விழுகை ஐந்து, சின்ன விழுகை கணக்கில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். அரசுப் பணத்தில் லண்டன் போய் அவர் கொண்டுவந்த ஒரே பிராக்டிகல் அனுபவம் இது.

திரும்பி வந்தால், தான் படித்த அதே துறையில் லெக்சரர் வேலை. ஆனால் யாருடைய நாற்காலி? லாஃப்காடியோ ஹெர்னுடையது! கிரேக்கத் தீவில் பிறந்து, ஜப்பானியப் பெண்ணைக் கல்யாணம் செய்து, கொய்சுமி யாகுமோ என்று பெயரையே மாற்றிக்கொண்ட மனிதர். வகுப்பில் அவர் நிதானமாகக் கவிதை பேசப் பேச, பையன்கள் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொள்வார்கள். 1903இல் ஹெர்னின் ஒப்பந்தம் நீளவில்லை என்றதும் மாணவர்கள் கொதித்தார்கள். எஸ்.பி.பி. கச்சேரிக்கு டிக்கெட் வாங்கினவனை ஸ்தாயி விளக்கவுரைக்கு உட்காரவைத்தால் எப்படியிருக்கும்?

புது வாத்தியார் இலக்கியத்துக்குச் சூத்திரம் கண்டுபிடித்து வந்திருந்தார். நிஜமாகவே சூத்திரம்: பெரிய எஃப் ப்ளஸ் சின்ன எஃப். மனதில் பதியும் எண்ணம் பெரிய எஃப், அதோடு ஒட்டிவரும் உணர்ச்சி சின்ன எஃப். நேற்றுவரை டென்னிஸனுக்கு உருகிய பையன்கள் இன்றைக்கு அல்ஜீப்ரா எழுதினார்கள். இன்னொரு வகுப்பில் 'சைலஸ் மார்னர்' நாவலைக் கொடுத்து வரிவரியாக வாசிக்கவைத்து உச்சரிப்பைத் திருத்தினார். ஆமாம், நீங்கள் நினைப்பது சரி. டிக்சன் பண்ணிய அதே வேலை! மாமியாரைத் திட்டித் தீர்த்த மருமகள் ஒருநாள் மாமியார் ஆவதில்லையா, அப்படி.

அப்புறம் அவர் 'மேக்பெத்' எடுத்தார். ஹால் நிரம்பி வழிந்தது. பாவம், அதற்குள் அவருக்கே சலித்துவிட்டது.

சலிப்புக்கு மருந்தாக 1905இல் ஒரு கதை எழுதினார். கதை சொல்வது ஒரு பூனை. அதன் எஜமானர் இங்கிலீஷ் வாத்தியார். எந்நேரமும் படிப்பறையில் அடைந்து கிடப்பார், வீட்டார் அவரை மகா படிப்பாளி என்று நம்புவார்கள். பூனை மெல்ல எட்டிப்பார்த்தால், விரித்த புத்தகத்தின்மேல் எச்சில் ஒழுகத் தூங்கிக்கொண்டிருப்பார். ஜப்பானே விழுந்து விழுந்து சிரித்தது. ஒரு வாத்தியார் தன் துறையைப் பற்றி எழுதிய மிக நேர்மையான அறிக்கை அதுவாகத்தான் இருக்கும்.

1907இல் யுனிவர்சிட்டியை உதறிவிட்டு அசாஹி பத்திரிகையில் சேர்ந்தார். கௌரவமான நாற்காலியை விட்டுவிட்டுப் பேப்பர்காரன் ஆவதா என்று ஊர் வாய்பிளந்தது. சம்பளம் அதிகம் என்பது ஊருக்குத் தெரியாது போலும்.

இன்றைக்கு ஜப்பானில் யாரைக் கேட்டாலும் ஆங்கில ஆசிரியர் சோசெகி பற்றி ஒரு கதை சொல்வார்கள். 'ஐ லவ் யூ' என்பதை ஒரு மாணவன் அப்படியே மொழிபெயர்க்க, ஜப்பானியன் அப்படியெல்லாம் பேசமாட்டான், 'நிலா அழகாக இருக்கிறது' என்று எழுது என்றாராம். அற்புதம்! ஒரே சிக்கல், அவர் எழுத்தில் எங்கும் இப்படி ஒரு வரி இல்லை. நடந்த வகுப்புகளுக்கெல்லாம் திட்டு வாங்கிய வாத்தியாருக்கு, ஆதாரமே இல்லாத வகுப்பில்தான் இவ்வளவு புகழ்.

அவருடைய புனைபெயருக்கே ஒரு கதை உண்டு. பழைய சீனக் கதை. ஓடையில் வாய் கொப்பளித்துக் கல்லில் தலைவைப்பேன் என்று சொல்லவந்த ஒருவன், வாய் தவறிக் கல்லால் வாய் கொப்பளிப்பேன் என்றான். சிரித்தார்கள். உடனே, கல்லால் கொப்பளித்தால் பல் பளபளக்கும் என்று சாதித்தான். நம்மூரில் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அந்தக் கதையிலிருந்து வந்ததுதான் 'சோசெகி'.

1911இல் அரசாங்கம் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. நம்மூரில் இதற்காகப் போஸ்டர் ஒட்டுவோம். அவர் திருப்பி அனுப்பினார். கொடுத்தது கொடுத்ததுதான் என்றது அமைச்சகம். வாங்காதது வாங்காததுதான் என்றார் சோசெகி. கடிதங்கள் போயின, வந்தன. அவர் 1916இல் கண்மூடும்வரை அந்த முயலுக்கு நாலாவது கால் முளைக்கவே இல்லை.