ஒரே கன்னம், இரண்டு அறை

பிரதமராக இருந்த டாக்டர் மகாதீரை அறைந்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியவர்கள் மலேசியாவில் குறைவு. ஜொகூர் வாக்காளர்கள் இரண்டு முறை அறைந்திருக்கிறார்கள். முதல் அறை 1988-இல், அவருக்கு 63 வயது. அடுத்தது 2019-இல், 94 வயது. இரண்டும் இடைத்தேர்தல்கள். இரண்டு தடவையும் கோப்பிக்கடை மேசைகளில் "ஆள் காலி" என்று தீர்ப்பு எழுதப்பட்டது.

முதல் கதைக்கு ஒரு முன்கதை உண்டு. 1987 ஏப்ரல் 24, ஆளும் அம்னோ கட்சியின் தலைவர் தேர்தல். மகாதீருக்கு 761 ஓட்டு, அவரை எதிர்த்து நின்ற தெங்கு ரசாலிக்கு 718. நாற்பத்து மூன்றே ஓட்டில் தப்பித்தவர் கொஞ்சம் அடக்கி வாசிப்பார் என்று நினைத்தால், அவர் எதிரணி அமைச்சர்களை வீட்டுக்கு அனுப்பினார். அப்படிப் போனவர்களில் ஒருவர் ஜொகூர் பாரு எம்.பி. ஷாரிர் அப்துல் சமாட். தோற்ற கோஷ்டி விடுமா? கட்சித் தேர்தல் செல்லாது என்று கோர்ட்டுக்குப் போனது. பதிவில்லாத கிளைகள் கலந்துகொண்டிருக்கின்றன என்பது புகார். 1988 பிப்ரவரி 4 அன்று நீதிபதி ஹருண் ஹாஷிம் அம்னோவே சட்டவிரோதக் கட்சி என்று சொல்லிவிட்டார். மூக்குத்தி செல்லாது என்று வழக்குப் போட்டவர்களுக்கு மூக்கே செல்லாது என்று தீர்ப்பு.

மகாதீர் சளைக்கவில்லை. "அம்னோ பாரு" என்று புதிதாக ஒன்றைப் பதிவு செய்து, யார் உள்ளே வரலாம் யார் வாசலிலேயே நிற்கலாம் என்று தானே பட்டியல் பார்த்தார். ஆகஸ்டில் நாட்டின் தலைமை நீதிபதி சாலே அபாஸும் பதவி இழந்தார். எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டிருந்த அந்தச் சமயத்தில்தான் ஷாரிர் தன் எம்.பி. பதவியைத் தானே ராஜினாமா செய்து, சுயேச்சையாக நின்று, வாருங்கள் பார்க்கலாம் என்றார். நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் 85 வயதில் அவருக்காகப் பிரசாரத்துக்கு வந்தார்.

ஆகஸ்ட் 25. பன்னிரண்டாயிரத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் ஷாரிர் வெற்றி. 1946-இல் அம்னோ பிறந்தது இதே ஜொகூர் பாருவில். பிரசவம் பார்த்த ஊரே பிள்ளையின் காதைத் திருகியது. மகாதீரின் அரசியல் மரணச் சடங்குக்கு நாள் குறிக்கத் தொடங்கினார்கள் சிலர்.

இந்த ஜோசியப் பழக்கம் நாடாளுமன்ற முறையோடு சேர்த்து வெள்ளைக்காரன் விட்டுப்போன சொத்து. அவர்கள் ஊரில் 1962-இல் ஆர்ப்பிங்டன் இடைத்தேர்தலில் லிபரல் கட்சி ஆளுங்கட்சியைத் தோற்கடித்தது. லிபரல் யுகம் பிறந்துவிட்டது என்று பத்திரிகைகள் குதித்தன. பிறந்த அந்த யுகத்துக்கு 1964 பொதுத்தேர்தலில் கிடைத்தது மொத்தம் ஒன்பது இடம். குருவுக்கே இந்தக் கதி என்றால் சிஷ்யனைக் கேட்கவா வேண்டும்?

1988 அக்டோபரில் அதே ஜொகூரில் பாரிட் ராஜா சட்டமன்ற இடைத்தேர்தல் வந்தது. இந்த முறை மகாதீர் பக்கம் ஜெயித்தது, 413 ஓட்டில். ஜெயித்தவர்களுக்கு மயக்கம் வராத அளவுக்குச் சின்ன எண், நல்ல காலம். ஆண்டு முடிவதற்குள் ஜொகூரில் ஒற்றுமைக் கூட்டம் நடந்தது, சமாதான நிபந்தனைகள் எழுதப்பட்டன. 1989 ஜனவரியில் முன்னாள் துணைப் பிரதமர் மூசா ஹீத்தாம் புதுக் கட்சியில் சேர்ந்தார். ஷாரிரும் பின்னாலேயே போனார். ஆம், அதே ஷாரிர்தான்! அவருக்கு ஓட்டுப் போட்ட மக்களின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

தெங்கு ரசாலி மட்டும் வெளியிலேயே நின்று "செமாங்காட் 46" கட்சியோடு 1990 அக்டோபர் பொதுத்தேர்தலுக்கு வந்தார். வாக்களிப்புக்குச் சில நாள் முன்பு சபாவின் பி.பி.எஸ். கட்சி ஆளுங்கூட்டணியிலிருந்து இவர் பக்கம் தாவியது. மகிழ்ச்சியில் ஒரு கடசான் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டார். அதன் வேலைப்பாடு சிலுவை மாதிரி இருக்கிறது என்று பத்திரிகைகள் படம் போட்டுத் தள்ளின. 180 இடங்களில் ஆளும் தேசிய முன்னணிக்கு 127, செமாங்காட்டுக்கு 8. ஜொகூர் பாருவும் மரியாதையாக முன்னணிக்கே திரும்பியது. காலியானவர் மேலும் 13 வருடம் ஆண்டார்.

இடைத்தேர்தலில் அரசாங்கம் கவிழாது. அதனால் மனதில் உள்ளதைக் கூச்சமில்லாமல் சொல்லலாம். பொதுத்தேர்தல் சீட்டைக் கையில் வாங்கியதும் பள்ளிக்கட்டணமும் வீட்டுக்கடனும் ஞாபகம் வரும். இது ஊரறிந்த விஷயம். அறை வாங்கியவன் கன்னத்தைத் தடவிக்கொண்டு யோசிக்கிறான், அறைந்தவனோ வெற்றி ஊர்வலத்தில் மாலையைச் சரிசெய்துகொண்டிருக்கிறான் என்பதைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. முன்னணியில் இருக்கும் நம் ம.இ.கா.வைக் கேளுங்கள். 2007 ஏப்ரலில் சிலாங்கூர் ஈஜோக்கில் அதன் வேட்பாளர் கே. பார்த்திபன் 1,850 ஓட்டில் எதிர்க்கட்சியின் காலிட் இப்ராஹிமைத் தோற்கடித்தார். பதினொரு மாதத்துக்குள் அதே ஈஜோக்கில் காலிட் ஜெயித்து மந்திரி பெசார் ஆனார். ம.இ.கா. தலைவர் சாமிவேலு சுங்கை சிப்புட்டில் வீழ்ந்தார்.

இரண்டாவது அறை விழுந்த இடம் தஞ்சோங் பியாய், ஆசிய நிலப்பரப்பின் தென்கோடி முனை. அதற்கு அப்பால் ஓட்டுக் கேட்கக் கடல்தான் இருக்கிறது. 2018-இல், இந்த முறை மகாதீர் தலைமை தாங்கிய நம்பிக்கைக் கூட்டணி, முன்னணியிடமிருந்து வெறும் 524 ஓட்டில் பிடித்த தொகுதி. எம்.பி. காலமானதால் 2019 நவம்பர் 16 அன்று இடைத்தேர்தல். ஆறு வேட்பாளர்கள். இந்தியர்கள் நூற்றுக்கு ஒருவர் இருக்கும் அந்தத் தொகுதியில், கெராக்கான் கட்சிக்காக வெண்டி சுப்பிரமணியம் நின்று 1,707 ஓட்டு வாங்கினார். முன்னணியின் ம.சீ.ச. வேட்பாளர் வீ ஜெக் செங் 15,086 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். தோல்வி எதிர்பார்த்ததுதான், இவ்வளவு பெரிதாக எதிர்பார்க்கவில்லை என்றார் பிரதமர் மகாதீர். 1988-இல் கற்ற பாடத்தை 94 வயதில் மறுபடி படிக்க அவருக்குப் பொறுமை இல்லை போலும்.

சரியாக நூறாவது நாள், 2020 பிப்ரவரி 24, அவர் ராஜினாமா செய்தார். வாக்காளர்கள் கவிழ்க்கவில்லை, முதல் நாள் இரவு ஷெரட்டன் ஹோட்டலில் கூடிய எம்.பி.க்கள் பார்த்துக்கொண்டார்கள். பிரதமர் ஆனவர் ஜொகூர் பாகோ தொகுதியின் முகைதீன் யாசின்.

அதற்குப் பிறகு முன்னணிக்குத் தலைகால் புரியவில்லை. 2021-இல் மலாக்கா சட்டமன்றத் தேர்தலில் 28-க்கு 21. 2022 மார்ச்சில் ஜொகூரில் 56-க்கு 40. ஜொகூரில் கிட்டத்தட்ட பாதிப் பேர் ஓட்டுப் போடவே வரவில்லை என்பதை யார் பார்த்தார்கள்? காற்று நம் பக்கம், உடனே பொதுத்தேர்தல் வை என்று அம்னோ தலைவர்கள் பிரதமர் இஸ்மாயில் சப்ரியை நச்சரித்து, மழைக்காலத்தில் நாட்டையே குடையோடு வரிசையில் நிறுத்தினார்கள். 222 இடங்களில் முன்னணிக்குக் கிடைத்தது 30. லங்காவியில் மகாதீருக்கு டெபாசிட் போனது. தஞ்சோங் பியாயில் வீ ஜெக் செங் மட்டும் மறுபடி ஜெயித்து, நடந்ததற்கும் தனக்கும் சம்பந்தமில்லாதவர் போல நாடாளுமன்றம் போனார்.

2023 செப்டம்பரில் ஜொகூரின் பூலாயில் இன்னொரு இடைத்தேர்தல். பத்து மாதம் முன்பு வரை ஒருவரையொருவர் திட்டியே வயிறு வளர்த்த அம்னோவும் நம்பிக்கைக் கூட்டணியும் ஒரே மேடையில் நின்று ஓட்டுக் கேட்டன. ஜெயித்தன. ஓட்டுப் போட வந்தவர்கள் நூற்றுக்கு 47 பேர். மிச்சப் பேர் எந்தப் பக்கம் என்று ஆளுந்தரப்பும் எதிர்த்தரப்பும் கோப்பி ஆறும்வரை விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தன.