பதினொன்றாம் வகுப்பை உண்டருளிய வள்ளல்

மாட்சிமை பொருந்திய உறைவிடப் பள்ளித் தாளாளர் பெருமானே! உலகேழையும் உண்டு ஆலிலையில் துயின்றவன் திருமால் என்பார்கள். பதினொன்றாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தின் இரண்டு தொகுதிகளையும் ஒரு பருக்கை மிச்சமின்றி உண்டு, ஏப்பமும் விடாமல் வீற்றிருக்கும் தங்கள் திருவயிற்றைப் பாட அடியேனுக்கு நா ஒன்றுதானே வாய்த்தது!

பெயருக்குப் பிளஸ் ஒன். கையிலோ பிளஸ் டூ புத்தகம். எல்லையும் தொடர்ச்சியும், வகையிடலின் பிறப்பும், தொகையிடலின் அரிச்சுவடியும் பதினொன்றில்தான் உள்ளன. அவற்றைக் காட்டி இளநெஞ்சங்களைக் கலக்கலாகாது என்று திருவுள்ளம் கொண்டீர்கள். ஆகவே எல்லை என்றால் இன்னதென்று அறியாமலே தங்கள் மாணாக்கன் வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்க்கிறான். ஒரே பாடத்தை இரண்டு ஆண்டு உருப்போடும் பேறு வேறெந்த நாட்டுப் பிள்ளைக்குக் கிட்டும்? தீவனமும் விளக்கொளியும் அளந்து கொடுத்து எடையேற்றும் இந்த அருட்பணியை ‘பிராய்லர் பள்ளி’ என்று நாக்கூசாமல் சொல்கிறார்கள் பொறாமைக்காரர்கள்.

தங்கள் போதனையின் மேன்மையை அடியேன் அருகிருந்தே தரிசித்தேன். விடிகாலை ஸ்டடியில் ஒரு பிள்ளை, வெக்டர் முறையில் சைன் ஆல்ஃபா கூட்டல் பீட்டா சூத்திரத்தை நிறுவிக்கொண்டிருந்தான். கண்கள் மூடியிருந்தன, உதடுகள் மட்டும் அசைந்தன. கோயில் ஓதுவாரிடமும் காணாத லயிப்பு. “ஆல்ஃபா, பீட்டாவுக்குப் பதில் ஏ, பி என்று கேட்டால் என்ன செய்வாய் தம்பி?” என்றேன். “அது வேற கணக்கு சார், எங்களுக்கு நடத்தல” என்றான். ஒரு தேற்றத்தை இரண்டாகப் பெருக்கும் இந்தச் சித்து எந்தக் கணித மேதைக்குக் கைவந்தது? தொகையிட்டு முடித்ததும் ‘கூட்டல் சி’ என்று அவன் கை தானாகவே எழுதியது. போடாவிட்டால் ஸ்டெப் மார்க் போய்விடும். அந்த சி அங்கே ஏன் வருகிறது என்ற அநாகரிகமான கேள்வி அவன் நெஞ்சை ஒருநாளும் தீண்டியதில்லை. 20 ஒரு மார்க் வினாக்களுக்கும் புக் பேக் விடைகளைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுகிறான். கணக்கைப் போட்டுப் பார்க்கும் இழிதொழில் அவனுக்கு எதற்கு?

கும்பகோணத்து ராமானுஜன் கணிதப் பித்தேறி, மற்ற பாடங்களில் தோற்று உதவித்தொகையை இழந்தார். ஐயோ, தங்கள் விடுதி அன்று இல்லாமற் போயிற்றே! ஒரே பருவத்தில் அந்தப் பித்தைத் தெளிவித்து, எல்லாப் பாடத்திலும் சென்டத்தோடு அனுப்பிவைத்திருப்பீர்களே!

இத்தகைய தங்களையும் அரசு ஒருமுறை சோதித்தது. 2017-இல் மாநில முதலிடப் பட்டியலை நிறுத்தியது. தாங்கள் கலங்கவில்லை, பேருந்தின் முதுகிலும் நாற்சந்தி ஃப்ளெக்ஸிலும் பிள்ளைகளின் முகங்களைப் பிரதிஷ்டை செய்தீர்கள். 2018 மார்ச்சில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு என்று வந்தபோது, உண்டதை வெளியே எடுக்கச் சொன்னால் எந்த வயிறுதான் தாங்கும்? அவ்வாண்டே, உயர்கல்விச் சேர்க்கைக்குப் பிளஸ் ஒன் மார்க் கணக்கில் வராது என்று அறிவித்துப் பாதி நோவைத் தணித்தார்கள். 2025-26 முதல் அத்தேர்வே வேண்டாமென்று விலக்கி, தங்கள் இலையில் மீண்டும் பரிமாறிவிட்டார்கள். தர்மம் வெல்லும் என்பதற்கு வேறு சான்று எதற்கு?

தேர்வில் ‘கிரியேட்டிவ்’ கணக்கு ஒன்று வந்துவிட்டால் பிள்ளைகள் கண்ணைக் கசக்கியபடி வெளியே வருகிறார்கள். கருணை மதிப்பெண் கேட்டு மறுநாளே கோரிக்கை கிளம்புகிறது. சிந்திக்கச் சொல்லும் கொடுமையிலிருந்து மாணவர்குலத்தைக் காக்கத் தங்களையன்றி யாருளர்?

பொறியியல் கட்-ஆஃப் 200-இல் கணிதம் மட்டும் 100 என்பதால், தங்கள் சென்டங்கள் நல்ல கல்லூரிகளிலேயே இடம்பிடிக்கின்றன. அங்கே முதல் செமஸ்டரில் ஒரு பேராசிரியர், “லிமிட் என்றால் என்ன?” என்று நாகரிகமில்லாமல் கேட்டுவிடுகிறார். வகுப்பு முழுவதும் மோனத்தில் ஆழ்கிறது. மேத்ஸ்-1-இல் அரியர் விழுகிறது. அப்பழி ஒருநாளும் தங்கள் வாசலை அணுகுவதில்லை. பையனுக்கு விளையாட்டுப் புத்தி, போன் கெடுத்தது என்று பெற்றோரே சுமந்துகொள்கிறார்கள். இதோ, அண்ணனின் அரியருக்குத் தேர்வுக்கட்டணம் கட்டிய கையோடு, தம்பியின் அட்மிஷனுக்காகத் தங்கள் அலுவலக வாசலில் வரிசையில் நிற்கிறார்கள். ரசீதுகூடக் கேட்காத உத்தமர்கள். கணக்குக் கேட்கும் கெட்ட பழக்கம் பிள்ளைக்கும் வராமல் பார்த்துக்கொள்ளத் தாங்கள் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கைதான்.