மாருதி 800இன் இடச்சாய்வு: நூல் பிடித்த நகரில் ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

கார் கோணலாக ஓடினால் மற்ற ஊர்களில் பழியைத் தெருவின் தலையில் போட்டுவிடலாம். புதுச்சேரியில் அதற்கு வழியில்லை. 1693 முதல் 1699 வரை ஊரைப் பிடித்து வைத்திருந்த டச்சுக்காரர்கள் வரைந்த கட்டங்களின்மேல் பிரெஞ்சுக்காரர்கள் எழுப்பிய நகரம் இது. வீதிகள் ஒன்றையொன்று செங்கோணத்தில் வெட்டிக்கொள்கின்றன. கொத்தனார் நூல் பிடித்த சுவர் மாதிரி நேராக ஓடுகின்றன. இப்படிப்பட்ட வீதியில் ஒரு பழைய மாருதி 800 மெல்ல மெல்ல இடப்பக்கம் ஒதுங்கினால் குற்றவாளி வீதி அல்ல, வண்டி என்று பார்ப்பவர் எல்லாரும் சொல்லிவிடுவார்கள்.

ஆய்வுக்களமான மிஷன் வீதி வடக்கே பட்டேல் சாலையில் தொடங்கித் தெற்கே சுப்பையா சாலையில் முடிகிறது. வல்லபாய் பட்டேலில் புறப்பட்டுக் கம்யூனிஸ்ட் தலைவர் வ. சுப்பையாவிடம் போய்ச் சேரும் வீதியில் இடதுசாரிப் போக்கு இயல்புதானே என்று சிலர் கேட்கக்கூடும். இவ்வாய்வு அரசியல் விளக்கத்தை ஏற்கவில்லை. கோளாறு டயரிலா, சக்கரத்தை அடிப்பக்கம் வண்டியோடு பிணைக்கும் லோயர் ஆர்மிலா, உரிமையாளர் ஆசையாகத் தருவித்து வைத்திருக்கும், சக்கரச் சாய்வைத் திருத்தும் கேம்பர் போல்ட்டால் அது தீருமா என்பவை மட்டுமே இங்கு ஆராயப்படுகின்றன.

2. முன்னோடி ஆய்வுகள்

அச்சாணியின் அருமையைத் திருவள்ளுவர் சொல்லிவிட்டார். சக்கரத்தின் சாய்கோணத்தை அவர் பிற்கால அறிஞர்களுக்கு விட்டுவைத்தார்.

மூனிக் நகரில் வண்டி செய்துவந்த கியோர்க் லாங்கன்ஸ்பெர்கர், முன்சக்கரங்கள் இரண்டும் தனித்தனி முளையில் திரும்ப வேண்டும் என்று கண்டார். 1818இல் அவருக்காக லண்டனில் காப்புரிமை வாங்கியவர் ருடால்ஃப் அக்கர்மான். இன்றுவரை உலகம் அதை ‘அக்கர்மான் அமைப்பு’ என்றே அழைக்கிறது. ஆராய்ச்சி மாணவர் உழைக்க, நெறியாளர் பெயர் முன்னால் நிற்கும் மரபு அன்றே உறுதிப்பட்டுவிட்டது.

1925இல் ழார்ழ் ப்ரூலியே என்ற பிரெஞ்சுப் பொறியாளர் காரின் சஸ்பென்ஷனையும் ஸ்டீயரிங்கையும் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். டயர் தான் நோக்கும் திசையிலேயே முழுக்கப் போவதில்லை, கொஞ்சம் பக்கவாட்டில் நழுவியே போகிறது என்ற கருத்துக்கு அதுவே தொடக்கம். கட்டுரைத் தலைப்பில் ‘தாந்தின்மான்’ என்றொரு சொல் வருகிறது. தமிழில் வாத்து நடை எனலாம். 1925இல் புதுச்சேரியும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. எனவே சற்றுத் தாராள மனதுடன் பார்த்தால் இதை உள்ளூர் ஆராய்ச்சியாகவே கொள்ளலாம்.

அடுத்தவர் ஏர்ல் மெக்ஃபெர்சன். ஜெனரல் மோட்டார்ஸில் அவர் வடிவமைத்த சிறிய கார் கிடப்பில் போடப்பட, 1947இல் ஃபோர்டுக்கு மாறினார். ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் ஒரே தூணாக்கிய அவரது ஸ்டிரட், 1950இல் இங்கிலாந்தின் ஃபோர்டு கான்சலில் வந்தது. 1983 டிசம்பர் 14 அன்று டெல்லியில் முதல் சாவி கைமாறிய மாருதி 800இன் முன்சக்கரங்களும் அத்தூணில்தான் நின்றன.

3. சொல்லாய்வு

வீல் அலைன்மென்ட் துறையில் கலைச்சொற்கள் மூன்று. மேலிருந்து பார்க்கும்போது இரு முன்சக்கரங்களும் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருப்பது டோ. முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் தலை சாய்ந்திருப்பது கேம்பர். சைக்கிளின் முன் ஃபோர்க் பின்னோக்கிச் சரிந்திருக்கிறதே, அந்தச் சரிவு காஸ்டர். பட்டறையில் இவ்வளவு பாகுபாடு கிடையாது. “உள்ளே சாஞ்சிருக்கு”, “வெளியே சாஞ்சிருக்கு”, “இழுக்குது” என்ற மூன்று தொடர்களில் இலக்கணம் முடிந்துவிடும்.

அளவைச் சொல்லிலோ தமிழ் யாருக்கும் கடன்பட்டதில்லை. ‘நூல்’ என்பது இழை. ‘நூல்’ என்பது புத்தகம். தச்சருக்கும் கொத்தனாருக்கும் ‘நூல்’ என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. 800இன் ரிம் 12 அங்குலம். அதில் ஒரு டிகிரி கேம்பர் என்றால் மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் உள்ள வேறுபாடு ஐந்து மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். அதாவது ஒன்றரை நூலுக்குச் சற்று மேல். நூலைக் கொண்டு நூல் கணக்கில் அளந்து நூல் எழுதும் வாய்ப்பு வேறெந்த மொழியின் ஆய்வாளருக்குக் கிடைக்கும்?

4. ஆய்வுக் கருவி

800இல் கம்பெனி தந்த வசதி டோவை மாற்றுவது மட்டுமே. டை ராடைத் திருகினால் முடிந்தது. கேம்பரும் காஸ்டரும் பிறவிக் குணம், மாற்ற முடியாது. இங்கேதான் வெளிச்சந்தையின் கேம்பர் போல்ட் நுழைகிறது. ஸ்டிரட்டையும் சக்கரம் தாங்கும் நக்கிளையும் இணைக்கும் இரண்டு போல்ட்டுகளில் மேலுள்ளதைக் கழற்றிவிட்டு இதைப் போட வேண்டும். இதன் தண்டு ஒல்லியானது. ஓரிடத்தில் மட்டும் ஒரு புடைப்பு உண்டு. போல்ட்டைத் திருப்பினால் புடைப்பு நக்கிளைத் தள்ளும். சக்கரத்தின் தலை ஒன்றரை டிகிரி அளவுக்கு உள்ளேயோ வெளியேயோ நகரும். போல்ட் விற்கப்படுவது கார் பெயரைச் சொல்லி அல்ல, தண்டின் விட்டத்தைச் சொல்லி. வெர்னியர் வைத்து அளக்காமல் வாங்கினால் ஒன்று துளைக்குள் போகாது, அல்லது போய் ஆடிக்கொண்டிருக்கும்.

ஆய்வுக்குக் கிடைத்த இணை, பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்த மைத்துனரின் பெட்டியில், ஸ்வெட்டருக்குள் சுருட்டி வைக்கப்பட்டு வந்தது. பிரெஞ்சுப் படையில் இருந்த ‘சொல்தா’ குடும்பங்கள் நிறைந்த இவ்வூரில் வாசனை சோப்புக்கும் சாக்லேட்டுக்கும் உரிய பாதை அது. “மச்சான், இத மாட்டுங்க, வண்டி அம்பு மாதிரி போகும்” என்பது மைத்துனரின் கருதுகோள்.

5. களப்பணி

கருதுகோளை மெக்கானிக் ஏற்கவில்லை. போல்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தார்.

“இது கடைசி மருந்து சார். மொதல்ல காத்து எவ்வளவு இருக்குன்னு பாருங்க.”

“காத்து சரியாத்தான் இருக்குண்ணே.”

இடது டயரில் காற்று குறைவாக இருந்தது. சரிசெய்த பிறகும் இழுப்பு முழுதாக நிற்கவில்லை. அடுத்தது இடவல மாற்றுச் சோதனை: முன் டயர்கள் இரண்டையும் பக்கம் மாற்றிப் போட்டு ஓட்டுவது. இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயருடையது. மாறவில்லை. பிரேக் பிடித்துக்கொள்கிறதா என்று சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார், இல்லை. பிறகு ஜாக்கி போட்டு, சக்கரத்தின் தலையையும் அடியையும் பிடித்து ஆட்டினார். பால் ஜாயிண்ட் உறுதியாக இருந்தது. லோயர் ஆர்மை லீவரால் நெம்பியபோது உண்மை வெளிப்பட்டது. இடப்பக்க ரப்பர் புஷ் கிழிந்து, ஆர்ம் தன் இருக்கையில் தாராளமாக உலாவிக்கொண்டிருந்தது.

போல்ட்டை முதலில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆடும் ஆர்மின்மேல் கணக்குப் பார்த்துக் கோணம் வைத்திருப்பார்கள். அலைன்மென்ட் மெஷின் திரையில் எண்கள் பச்சை நிறம் காட்டியிருக்கும். முதல் வேகத்தடை தாண்டியதும் கோணம் மாறியிருக்கும்.

புஷ்ஷின் பழைய போல்ட்டைக் கழற்றுவது தனி அத்தியாயம். கடலோர ஊரின் உப்புக்காற்று போல்ட்டையும் நட்டையும் ஒரே உடம்பாக்கி வைத்திருந்தது. துரு எண்ணெய், சுத்தியல், கடைசியில் தீ என்று மூன்று உபாயங்களும் தேவைப்பட்டன. புதிய புஷ் ஏறியபின் உரிமையாளர் அவசரப்பட்டார், மெக்கானிக் மறுத்தார். வண்டி ஜாக்கியில் தொங்கும்போது புஷ் போல்ட்டை முழுக்க இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். சக்கரம் தரையில் நின்று எடை ஏறிய பிறகே கடைசி இறுக்கு.

6. முடிவுகள்

புதிய புஷ்ஷுடன் அளந்தபோது இடது, வலது கேம்பர் வேறுபாடு பெருமளவு குறைந்திருந்தது. எஞ்சிய வேறுபாட்டுக்காக இடப்பக்கத்தில் மட்டும் ஒரு கேம்பர் போல்ட் பொருத்தப்பட்டது. கார் எப்போதும் வெளியே அதிகம் சாய்ந்த சக்கரத்தின் பக்கமே இழுக்கும். ஆகவே இடது சக்கரத்தின் தலை சிறிது உள்ளே தள்ளப்பட்டது. கேம்பரைத் தொட்டால் டோவும் கலையும் என்பதால் டோ கடைசியில் மறுபடி வைக்கப்பட்டது. மைத்துனரின் கருதுகோள் பாதி நிறுவப்பட்டதாகக் கொள்ளலாம்.

அதன் பிறகும் நூலிழை அளவு இடச்சாய்வு இருந்தது. மழைநீர் வடிய, தார்ச்சாலையின் நடுமுதுகை உயர்த்தி ஓரத்தைத் தாழ்த்திப் போடுகிறார்கள். இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் குறையில்லாத காரும் அந்தச் சரிவில் கொஞ்சம் இடப்பக்கம் இறங்கத்தான் செய்யும். வீதிக்கு முதற்பகுதியில் வழங்கப்பட்ட நற்சான்றிதழ் இதனால் ஓரளவு திரும்பப் பெறப்படுகிறது.

800இன் தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றுவிட்டது. வீதியில் ஓடும் ஒவ்வொன்றும் பத்தாண்டு தாண்டியது. ஒவ்வொன்றின் புஷ்ஷும் ஐயத்துக்குரியது. வைத்திருப்பவர்கள் காற்று, டயர், பிரேக், ஜாயிண்ட், புஷ் என்ற வரிசையில் பார்த்துவிட்டுப் போல்ட்டுக்கு வரவும். ஆய்வில் மிஞ்சிய இன்னொரு போல்ட் கிளவ் பாக்ஸில் கிடக்கிறது. விட்டம் பொருந்துகிறவர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.